பேச்சில் ஜெயிப்பவர் சொல்வது நியாயமா?

கேள்வி: எங்கள் வீட்டு விவாதங்களில் வாய்ச்சாலகம் உள்ளவர்தான் ஜெயிக்கிறார். ஒரு வாதம் சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஆளை விடுங்கள், சொன்னதைப் பிரித்துப் பாருங்கள். மணிமேகலைக் காப்பியத்தின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் கற்பிப்பது இதைத்தான்: பக்கம் (முடிவு), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). மலையில் நெருப்பு இருக்கிறது என்பது முடிவு, புகை தெரிவது காரணம், அடுக்களை எடுத்துக்காட்டு. மூன்றிலும் போலிகள் உண்டு என்று வகைவகையாகவே விளக்குகிறார்.

அறம் சார்ந்த வாதத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சென்னைச் சட்டசபையில் முத்துலட்சுமி ரெட்டி போராடியபோது, காலங்காலமாக வருவது என்றார்கள் எதிர்த்தவர்கள். வழக்கம் இருந்தது உண்மைதான். இருந்ததாலேயே அது நியாயமாகிவிடுமா? சிறுமியின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? அந்தக் கேள்விக்குக் காலங்காலமாக வருவது என்பது பதிலாகாது. ஒழிப்புச் சட்டம் வர 1947 ஆனது.