பாவையின் புன்னகை

நுழையும்முன்

தீமை மனிதனோடு உடன்பிறப்பதா, வாழும் சூழலில் அவன் கற்றுக்கொள்வதா? அறநூல்கள் இவ்வினாவிற்கு நேராக விடைகூற முனைகின்றன. கதைகளோ ஓர் உருவைப் படைத்து, அதன் செயலை நம் கண்முன் நிறுத்திவிட்டு அமைகின்றன. கொல்லிமலையோடு பிணைந்த பழங்கதை ஒன்றின் வழியாக இவ்வினாவை அணுகுகிறது இப்பாடம்.

கொல்லும் பாவை

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக உயர்ந்து நிற்பது கொல்லிமலை. அதன் மேற்குப் பக்கத்தில் ஒரு பாவை இருந்ததாக இலக்கியங்கள் கூறுகின்றன. பிற்காலத்தில் வழங்கிய கதை இது: மலையில் தவமியற்றிய முனிவர்களுக்கு அரக்கர்கள் இடையூறு செய்தனர். அவர்களை அழிக்கத் தெய்வ ஆற்றலால் பெண்ணுருவம் ஒன்று அமைக்கப்பட்டது. அரக்கர் நெருங்கினால் அது புன்னகைக்கும். மயங்கி அருகே வந்தவரைக் கொன்றுவிடும்.

அரக்கர் பிறவியிலேயே தீயவர் என இக்கதை எளிதில் முடிவுகட்டிவிடுகிறது. அவர்கள் ஏன் அவ்வாறாயினர் என்று அது கேட்பதில்லை. பாவையின் நிலையோ சிக்கலானது. அதற்குச் சினமில்லை, பகையில்லை. பொறி இயங்குகிறது, உயிர் போகிறது. கொலைதான் அதன் இயல்பு என்றால், அவ்வியல்பை உள்ளே வைத்தவர் அதனைச் செய்தவரே அல்லவா?

ஆங்கில எழுத்தாளர் மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலும் ஆக்கப்பட்ட ஓர் உயிரைப் பற்றியதே. அவ்வுயிர் ஒரு குடும்பத்தின் பேச்சை மறைந்திருந்து கேட்டு மொழி பயில்கிறது. அன்பை நாடி அவர்கள்முன் வந்து நிற்கையில் அடித்துத் துரத்தப்படுகிறது. அதன் கொடுமை கற்றுக்கொண்ட கொடுமை. 1954இல் வில்லியம் கோல்டிங் எழுதிய ‘லார்ட் ஆஃப் த ஃபிளைஸ்’ இதற்கு மாறானது. ஆளில்லாத தீவில் தனித்துவிடப்பட்ட பள்ளிச் சிறுவர்கள் கொலைவரை செல்கின்றனர். தீமை உள்ளேயே உறைகிறது என்பது கோல்டிங்கின் எண்ணம். எனினும், அச்சிறுவர்கள் போர் நடக்கும் உலகிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வெற்றுப் பலகையாய்த் தீவில் இறங்கவில்லை என்பதையும் கருத வேண்டும்.

கொல்லிமலைப் பழங்குடி மக்களைப் பற்றி கு. சின்னப்ப பாரதி எழுதிய ‘சங்கம்’ நாவலில் அரக்கரும் இல்லை, பாவையும் இல்லை. அங்கே தீமை, மனிதரை மனிதர் சுரண்டும் முறையாக அமைந்திருக்கிறது.

கொல்லாத பாவை

கதையின் பழைய வடிவைத் தேடிச் சங்கப் பாடல்களுக்குச் சென்றால் வியப்பே எஞ்சும். பாவை அங்குப் பெரும்பாலும் அழகுக்கு உவமை. காற்று மோதினும், இடி விழினும், நிலமே நடுங்கினும் தன் வடிவம் கெடாதது அது என்று நற்றிணையில் (201) பரணர் பாடுகிறார். மற்றொரு நற்றிணைப் பாடலில் (185) காதல் நோயால் வாடும் தலைவன், பாவை போன்றவள் தன்னைக் கொல்லத் துணிந்தாள் எனப் புலம்புகிறான். கொலை என்னும் சொல் பாவையின் அருகே வருவது இத்தகைய காதல் முறையீட்டில்தான். இத்தகைய சொல்லே பின்னாளில் கதையாக விரிந்திருக்கலாம் என எண்ண இடமுண்டு. அவ்வாறாயின், பாவைக்குக் கொலையைக் கற்பித்தவர்கள் கதை சொன்ன மனிதர்களே.

இம்மலையோடு தொடர்புடைய மெய்யான கொலையொன்றையும் சங்க இலக்கியம் பதிவுசெய்துள்ளது. முள்ளூர் மன்னனாகிய காரி, கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியைக் கொன்று, மலையைச் சேரர்க்கு அளித்தான் என்கிறது அகநானூறு (209). கொன்றவன் அரக்கன் அல்லன். சிறுபாணாற்றுப்படை போற்றும் வள்ளல்கள் எழுவருள் காரியும் ஒருவன், ஓரியும் ஒருவன். தன் குறுந்தொகைப் பாடலில் (100) ஓரியின் கொல்லியையும் பாவையையும் பாடிய கபிலரே, காரியின் கொடையைப் புறநானூற்றில் வியந்து பாடுகிறார். இரவலர்க்கு இல்லையென்னாத கை, மற்றொரு வள்ளலின் உயிரையும் எடுத்தது. புகழ் வேட்கையா, சேரனின் நட்பா, வீரம் என்று அக்காலம் பயிற்றுவித்ததா? அப்பாடல் காரணம் கூறவில்லை. ஓரியின் நல்லிசையையே கூறுகிறது. கொலைச் செய்தியை அடுத்து அதே பாடலில் பாவையும் வருகிறது, பலரும் புகழும் அழகோடு.