முகாம் வாழ்வும் குடியுரிமையும் – ஒரு சட்ட நோக்கு

புலம்பெயர்தல் தமிழினத்திற்குப் புதியதன்று. பிழைப்பு நாடிக் கடல் கடந்தோர் உளர். உயிர் காக்கக் கடல் கடந்தோரும் உளர். இவ்விருவகையினரையும் சட்டம் வெவ்வேறு கண்கொண்டு நோக்குகின்றது. இவ்வேறுபாட்டை நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே காணலாம். ஒசூர்த் தொழிற்பேட்டைக்கு ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வரும் தொழிலாளி தமிழறியாதவர். எனினும் இந்தியக் குடிமகன். அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு அவருக்கு நாடெங்கும் சென்று வாழும் உரிமையை நல்குகின்றது. இதே மாவட்டத்து முகாமில் பிறந்து, தமிழிலேயே கற்றுத் தேறிய இலங்கைத் தமிழ் இளைஞருக்கு அவ்வுரிமை இல்லை. அருகிலுள்ள அத்திப்பள்ளியைக் கடந்து பெங்களூருக்கு வேலைக்குச் செல்வதும் அவருக்கு எளிய செயலன்று. இந்நிலைக்குக் காரணம் யாது, சட்டம் காட்டும் வழிகள் யாவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அகதி என்னும் சொல்லும் சட்டமும்

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா ஒப்பமிடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கு இல்லை. ஆதலின் 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்தைத் தொடர்ந்து வந்தோரும், அதன்பின் வந்தோரும் சட்டத்தின் முன் அயல்நாட்டவரே. கடவுச்சீட்டு இன்றிப் படகேறி வந்தவரைக் குடியுரிமைச் சட்டம் ‘சட்டவிரோதக் குடியேறி’ எனக் கொள்கின்றது. தமிழக முகாம்களில் இன்றும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. பெயர் மாறிற்று; சட்ட நிலை மாறவில்லை.

1946ஆம் ஆண்டு அயல்நாட்டவர் சட்டத்தின் இடத்தில், 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. உரிய ஆவணமின்றி நுழைவோர்க்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்க அது இடமளிக்கின்றது. ஆயினும் 2015 சனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்க்கு அதன்கீழ் விலக்களிக்கப்பட்டுள்ளது. இவ்விலக்கு தண்டனையினின்று காப்பதேயன்றிக் குடியுரிமை வழங்குவதன்று. எனவே முகாம் பதிவைத் தவறாது காத்தல் முதற்கடமையாகும்.

குடியுரிமைக்கான வாயில்கள்

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் பிறந்த நாளே பெரிதும் வழக்கை முடிவு செய்கின்றது. 1950 சனவரி 26 முதல் 1987 சூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தோர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பொதுவாகப் பிறப்பால் இந்தியரே. அக்காலத்தில் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022இல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. 1987 சூலை 1 முதல் 2004 திசம்பர் 2 வரை பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராதல் வேண்டும். அதன்பின் பிறந்தோர்க்கு இருவரும் இந்தியராதல் வேண்டும். அன்றேல், ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருத்தல் வேண்டும். முகாம்ப் பெண் உள்ளூர் இளைஞரை மணந்து பெற்ற குழந்தையின் உரிமையும் இவ்விதியால் ஐயத்துக்குள்ளாகின்றது என்பதை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும்.

பதிவு வழியும் இயல்புரிமை வழியும் சட்டவிரோதக் குடியேறிக்கு அடைக்கப்பட்டுள்ளன. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தினருக்கே இத்தடையை நீக்கியது. இலங்கை அதில் இடம்பெறவில்லை.

மலையகத் தமிழரின் நிலை தனித்தன்மை உடையது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அவ்வழி வந்தோரின் மரபினரும் முகாம்களில் உள்ளனர். திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சார்ந்த இத்தகையோரின் வழக்கில், 2019 சூன் 17இல் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும், அவற்றை நடுவணரசு பதினாறு வாரத்துள் ஆய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். ஆகவே பாட்டனார், பாட்டியார் பிறந்த ஊர், பழைய இந்தியக் கடவுச்சீட்டு, தோட்டப் பதிவு முதலிய தாள்களைப் பேணுதல் இன்றியமையாதது.

நாடற்றோர் ஆகாதிருக்க

இங்குப் பிறந்த குழந்தை இந்தியக் குடியுரிமை பெறாதாயின், இலங்கைக் குடியுரிமையையேனும் பெறவேண்டும். இந்தியப் பிறப்புச் சான்றிதழைக்கொண்டு சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்தல் அதற்கான வழி. இதனைச் செய்யாதுவிடின் அக்குழந்தை இரு நாட்டுக்கும் அயலாகிவிடும். 1984இல் தோன்றிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இத்தகைய பணிகளில் துணைநின்று வந்துள்ளது.

தவிர்க்கத்தக்கன

முதலாவது, பொய்யாவணம். ஆதார் வசிப்பிடத்தைக் குறிப்பதேயன்றிக் குடியுரிமைச் சான்றன்று. இந்தியர் எனப் பொய்யுரைத்து வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. போலிக் கடவுச்சீட்டுக்குப் புதிய சட்டம் இரண்டு முதல் ஏழாண்டு வரை சிறை விதிக்கின்றது.

இரண்டாவது, படகு முகவர். 2013 சூலையில், படகில் வருவோர் ஒருபோதும் தன் நாட்டில் குடியமர்த்தப்படார் என ஆஸ்திரேலியா அறிவித்தது. 2014இல் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 தமிழர் நடுக்கடலில் மறிக்கப்பட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் கப்பலிலேயே அடைக்கப்பட்டு, இறுதியில் நவூருத் தீவுக்கு அனுப்பப்பட்டனர். முகவரிடம் கொடுத்த பொருள் மீளாது. பதிவை விட்டு நீங்கியதால் முகாமுரிமையும் சிக்கலாகும்.

உதவி பெறும் இடம்

அரசியலமைப்பின் 14, 21ஆம் உறுப்புகள் ‘குடிமகன்’ என்னாது ‘எவரும்’ என்றே பேசுகின்றன. சக்மா மக்கள் வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம், குடிமக்கள் அல்லாதார் உயிரையும் அரசு காத்தல் வேண்டும் என உறுதிபடக் கூறிற்று. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு பெண்டிர், சிறார், இன வன்முறையால் பாதிக்கப்பட்டோர் முதலியோர்க்குக் கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி வழங்குகின்றது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரிலோ 15100 என்னும் எண்ணிலோ அணுகலாம்.

மாணவர்காள்! விண்ணப்பம் எழுதுதல், பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை திருத்துதல், ஆவணங்களுக்கு நகலெடுத்து வரிசைப்படுத்தல் ஆகியன நம்மால் இயலாதனவல்ல. பிறந்த நாளில் ஒரு பிழை நேரினும் ஒரு குடும்பத்தின் உரிமை கைநழுவும் என்பதை மேலே கண்டோம். நம் வகுப்பில் நம்மருகே அமர்ந்து பயிலும் முகாம் மாணவர்க்கு நாம் கற்ற எழுத்து இவ்வாறேனும் பயன்படுமாக.