பிரசங்கஞ் செய்யும் முறை

சைவாசிரியர்களாகிய நம்மவருட் பலர் நூலறிவிற் குறைந்தவரல்லர்; சபையில் எழுந்து நின்று சொல்லும்போதே குறைவுபடுகின்றனர். குருபூசையிலும் சிவராத்திரியிலும் பேசும்படி அழைக்கப்படுவோர் பெரும்பாலும் ஆசிரியர்களே. ஆதலின், பேசும் முறையையும் ஒரு பாடமாகக் கொண்டு ஆராய்வாம்.

நமது முருங்கனிலே கட்டுக்கரைக்குளம் நிரம்பிய மாத்திரத்தில் நெல் விளைந்துவிடுவதில்லை. வாய்க்கால் வழியே நீர் கடைசி வயலையுஞ் சென்று சேர்தல் வேண்டும். கற்ற கல்வி குளத்துநீர் போன்றது. சொல்லும் முறையே வாய்க்கால்.

நாம் மிஷன் பாடசாலையிற் கற்றவர். அங்கே ஆங்கிலச் செய்யுளை ஒப்புவிக்குங்கால், எவ்விடத்து நிறுத்துவது, எவ்விடத்துக் குரலை உயர்த்துவது என்பவற்றைப் பழக்கினார்கள். அப்பழக்கத்தைத் தமிழுக்குங் கொண்டுவர நமக்குத் தோன்றவில்லை. முதன்முறை ஒரு கோயிலிலே பேச நின்றபோது, எழுதிய தாளை முகத்துக்கு நேரே பிடித்து, ஒரே மூச்சில் வாசித்து முடித்தோம். பின்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர் நம்மிடம் வந்து, "தம்பி, நீர் என்ன சொன்னீர்? எனக்கொன்றும் விளங்கவில்லையே" என்றார். நெடுந்தூரம் நடந்து வந்த அவரை வெறுமையாய் அனுப்பிய பிழை நம்முடையதே.

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டி ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள். அவர்களும் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர்கள். பாதிரிமார் சனங்களை நோக்கிப் பேசும் முறையை அருகிருந்து கண்டவர்கள். 1847 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31 ஆந் திகதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது பிரசங்கத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லும் புராணபடனம் நம்மவர்க்குப் பழையது. நாவலரவர்களோ யாவர்க்கும் விளங்கும் வசனத்திலே சபையோரை நேரே நோக்கிப் பேசினார்கள். பிறரிடத்துக் கண்ட முறையைத் தஞ்சமயத்துக்கு உரியதாக்கிய அத்துணிவே நாம் கற்கவேண்டியது.

இனிச் செய்யவேண்டுவன சொல்வாம்.

முதலாவது, தொடக்கம். எழுந்தவுடன் பேசற்க. ஒரு கணம் வாளா நின்று மூச்சை நிறைத்து, முதல் வாக்கியத்தைத் தாழ்ந்த குரலில் மெல்லச் சொல்லுக. உரத்துத் தொடங்கியவனுக்கு உயர்த்தவேண்டிய இடத்திற் குரல் எஞ்சியிராது.

இரண்டாவது, நிறுத்தம். மூச்சு முடியுமிடத்திலன்று, பொருள் முடியுமிடத்தில் நிறுத்துக. தேவாரத்தை எடுத்துக் காட்டுமிடத்து, முதலிற் சொற்பிரித்து வாசித்து, பின்னரே பண்ணோடு ஓதுக.

மூன்றாவது, முடிவு. தமிழ் வாக்கியத்தின் ஈற்றில் நிற்பது பெரும்பாலும் வினைமுற்று. அதனை விழுங்கினால், 'செய்க' என்றாரோ 'செய்யற்க' என்றாரோ எனக் கேட்போர் மயங்குவர். ஆதலின் கடைசிச் சொல்லைத் தெளிவுறச் சொல்லுக.

நான்காவது, நோக்கு. தாளிலே தலைப்புக்களை மாத்திரம் எழுதுக. பின்வரிசையில் ஒருவரைக் குறித்துக்கொண்டு அவருக்கே சொல்வதாக எண்ணிப் பேசுக.

ஒலிபெருக்கி உள்ள இக்காலத்தில் இவையெல்லாம் வேண்டுமோ எனின், வேண்டும். அது குரலைப் பெருக்கும்; தெளிவைத் தராது. குழறலையும் உடன் பெருக்கிவிடும்.

மாணவரையும் இளமையிலே பழக்குக. வெள்ளிதோறும் ஒரு மாணவன் மூன்று நிமிஷம் பேசுக. கடைசி வாங்கிலிருப்பவன் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்லுக. அவன் சொன்ன அளவே பேசியவன் பெறும் புள்ளியாகுக. இச்சோதனையை ஆசிரியர் முதலிலே தமக்குச் செய்துகொள்ளுதல் நன்று.

சம்பந்தரும் சுந்தரரும் பாடியருளிய திருக்கேதீச்சரம் நமக்கு அண்மையிலுள்ளது. சிவராத்திரியிலே அங்கு அடியார் பலர் வந்து கூடுவர். அவர் முன் பேசும் பேறு நம்மில் எவருக்கு வாய்ப்பினும், அம்மூதாட்டி இன்றும் பின்வரிசையில் இருக்கிறார் என்று எண்ணி வாய் திறப்போமாக.