வெளியே தெரிய வேண்டியது எது? சி லைப்ரரி எழுதுவோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

சி மொழியில் ஒரு ஷேர்டு லைப்ரரி எழுதி அதை லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றுக்கும் தருகிறவர்களுக்கானவை இந்தக் குறிப்புகள். லைப்ரரிக்குள் இருக்கும் சிம்பல்களில் எவை வெளி ப்ரோகிராம்களின் கண்ணில் படலாம் என்பதை எழுதியவர்தான் முடிவு செய்ய வேண்டும். வெளியே தெரிந்துவிட்ட பெயரை எங்கோ யாரோ பயன்படுத்தத் தொடங்கிவிடுவார்கள். அடுத்த பதிப்பில் அதை நீக்கினால் அவர்களுடைய ப்ரோகிராம் நின்றுவிடும். (கட்டளைகளும் ஆப்ஷன்களும் இங்கே ஒலிப்பின்படி தரப்பட்டுள்ளன.)

1. மூன்று சிஸ்டங்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நம்பாதீர்கள். லினக்ஸிலும் மேக்கிலும் ஸ்டேட்டிக் என்று குறிக்காத ஒவ்வொரு ஃபங்ஷனும், நீங்கள் கேட்காமலேயே எக்ஸ்போர்ட் ஆகிவிடும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் நேர்மாறு: நீங்கள் சொல்லாத எதுவும் டிஎல்எல்லை விட்டு வெளியே வராது. மிங்டபிள்யூ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எங்குமே டிஎல்எல்எக்ஸ்போர்ட் போடாவிட்டால் எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்யும். ஒரே ஒரு ஃபங்ஷனுக்குப் போட்டாலும் மற்றவை மறைந்துவிடும். லினக்ஸில் நன்றாக ஓடும் கோடு விண்டோஸில் லிங்க் ஆகாமல் நிற்பதற்கு இதுவே வழக்கமான காரணம்.

2. ஒரே ஃபைலுக்குள் பயன்படும் ஃபங்ஷன் எதுவானாலும் முதலில் ஸ்டேட்டிக் ஆக்குங்கள். இதற்குத் தனி ஆப்ஷன் வேண்டாம். எல்லாக் கம்பைலருக்கும் பொருந்தும். எஸ்க்யூலைட் இதை எல்லை வரை கொண்டுபோயிருக்கிறது. லைப்ரரி முழுவதையும் ஒரே சி ஃபைலாகச் சேர்த்துத் தருவதால், உள் ஃபங்ஷன்கள் எல்லாமே அதில் ஸ்டேட்டிக் ஆகிவிடுகின்றன.

3. பல ஃபைல்களுக்குப் பொதுவான உள் ஃபங்ஷன்களுக்கு, ஜிசிசியிலும் க்ளாங்கிலும் ‘-எஃப்விசிபிலிட்டி=ஹிடன்’ ஆப்ஷன் போடுங்கள். ஜிசிசியில் இது 2005இல் வந்த 4.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. எல்லாவற்றையும் மூடிவிட்டு, வேண்டியதை மட்டும் ‘டிஃபால்ட்’ என்ற அட்ரிபியூட் கொடுத்துத் திறப்பதே சரியான வரிசை. திண்ணையில் வந்து உட்காருகிறவருக்கு அடுக்களைச் சாவி எதற்கு? சிமேக்கில் ‘சி_விசிபிலிட்டி_ப்ரிசெட்’, மெசானில் ‘க்னு_சிம்பல்_விசிபிலிட்டி’ என்று எழுதினால் போதும். வேகத்திலும் லாபம் உண்டு: உள்ளுக்குள் நடக்கும் அழைப்புகள் பிஎல்டி என்ற இடைப்படியைத் தாண்டாமல் நேராகப் போகும். ஒன்றைக் கவனியுங்கள். வெறும் எக்ஸ்டெர்ன் அறிவிப்புகளை இந்த ஆப்ஷன் தொடாது. உள் ஹெடர்களின் தலையில் ‘ப்ராக்மா ஜிசிசி விசிபிலிட்டி புஷ்(ஹிடன்)’, கடைசியில் ‘பாப்’ எழுதிவிட்டால் அந்தக் குறையும் தீரும்.

4. பொது ஹெடரில் ஒரே ஒரு மேக்ரோ வையுங்கள். லைப்ரரியின் பெயர் நிலா என்றால் ‘நிலா_ஏபிஐ’ என்று வைத்துக்கொள்ளலாம். விண்டோஸில் லைப்ரரியைக் கட்டும்போது அது டிஎல்எல்எக்ஸ்போர்ட். பிறர் பயன்படுத்தும்போது டிஎல்எல்இம்போர்ட். ஜிசிசி, க்ளாங்கில் டிஃபால்ட் அட்ரிபியூட். ஸ்டேட்டிக் லைப்ரரியாகக் கட்டினால் வெறுமை. இந்த நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். லிப்கர்லின் ஸ்டேட்டிக் பதிப்பை விண்டோஸில் இணைக்கிறவர்கள் ‘கர்ல்_ஸ்டேட்டிக்லிப்’ என்று டிஃபைன் செய்ய வேண்டியிருப்பது இதனால்தான். மறந்தால் ‘__இம்ப்_’ என்று தொடங்கும் பெயர்களைக் காணோம் என்று லிங்கர் புகார் சொல்லும். சிமேக் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கையால் எழுதத் தேவையில்லை. ‘ஜெனரேட்எக்ஸ்போர்ட்ஹெடர்’ அந்த ஹெடரைத் தானே உருவாக்கிக் கொடுக்கும்.

5. மறைத்துவிட்டோமே என்று உள் ஃபங்ஷன்களுக்கு ‘இனிட்’, ‘பார்ஸ்’ என்று மொட்டையாகப் பெயர் வைக்காதீர்கள். ஸ்டேட்டிக் லைப்ரரியாக இணைக்கும்போது ஹிடன் என்ற குறி உதவாது. ஒரே லிங்க்குக்குள் வரும் ஆப்ஜெக்ட் ஃபைல்கள் ஒன்றின் பெயரை இன்னொன்று பார்க்கும், மோதும். லிப்கர்லின் வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது: பொது ஃபங்ஷன்களுக்குச் சிறிய சி-யில் தொடங்கும் ‘கர்ல்_’, உள் ஃபங்ஷன்களுக்குப் பெரிய சி-யில் தொடங்கும் அதே முன்னொட்டு. பெயரைப் பார்த்தவுடனே எது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

6. ஒவ்வொரு அறிவிப்பிலும் மேக்ரோ சேர்க்க முடியாத பழைய கோடு என்றால், பட்டியலை லிங்கரிடம் கொடுங்கள். லினக்ஸில் வெர்ஷன் ஸ்கிரிப்ட்: ‘க்ளோபல்’ பகுதியில் பொதுப் பெயர்கள், ‘லோக்கல்’ பகுதியில் ஒரு நட்சத்திரக் குறி. விண்டோஸில் ‘.டெஃப்’ ஃபைல். மேக்கில் ‘-எக்ஸ்போர்ட்டட்_சிம்பல்ஸ்_லிஸ்ட்’, அங்கே ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் அடிக்கோடு சேர்க்க மறக்காதீர்கள். கம்பைலர் ஏற்கெனவே ஹிடன் என்று குறித்த பெயரை வெர்ஷன் ஸ்கிரிப்ட்டால் வெளியே கொண்டுவர முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

வெர்ஷன் ஸ்கிரிப்ட்டால் இன்னொரு பெரிய நன்மை உண்டு. ஒரே பெயருக்குப் பழைய நடத்தையையும் புதிய நடத்தையையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். 2011இல் வந்த ஜிலிப்சி 2.14, 64-பிட் இன்டெல் வகைக் கணினிகளில் ‘மெம்காப்பி’க்குப் புதிய வெர்ஷன் கொடுத்தது. முன்பு கட்டிய ப்ரோகிராம்கள் பழையதையே பிடித்துக்கொண்டு இன்றும் ஓடுகின்றன.

7. உங்கள் லைப்ரரிக்குள் இன்னொரு லைப்ரரியை ஸ்டேட்டிக்காகச் சேர்த்திருக்கிறீர்களா? அதன் சிம்பல்களும் உங்கள் வழியாகக் கசியும். லினக்ஸில் இது உண்மையிலேயே ஆபத்தானது. அங்கே வழக்கமான தேடலில், ஒரு பெயரைக் கேட்டால் முதலில் லோட் ஆன லைப்ரரியில் இருப்பதே கிடைக்கும். நீங்கள் ஒரு ஸீலிப்பைச் சேர்த்து, பயனரின் ப்ரோகிராமும் வேறு பதிப்பு ஸீலிப்பை லோட் செய்தால், ஒருவரின் அழைப்பு மற்றவரின் கோடுக்குள் போய் விழும். எரர் எதுவும் வராது. எப்போதோ, சம்பந்தமில்லாத இடத்தில் க்ராஷ் ஆகும். தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். விண்டோஸிலும் மேக்கிலும் எந்தப் பெயர் எந்த லைப்ரரியிலிருந்து வர வேண்டும் என்பதும் சேர்த்தே பதிவாவதால் இந்தத் தொல்லை குறைவு.

லினக்ஸ் லிங்கருக்கு ‘--எக்ஸ்க்ளூட்-லிப்ஸ்,ஆல்’ என்று கொடுத்தால் சேர்த்த ஸ்டேட்டிக் லைப்ரரிகளின் பெயர்கள் வெளியே வராது. ஸீலிப்பைப் பொறுத்தவரை ‘ஸீ_ப்ரிஃபிக்ஸ்’ டிஃபைன் செய்து கட்டினால் அதன் பெயர்களே மாறிவிடும்.

8. வேரியபிள்களை எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள். விண்டோஸில் ஃபங்ஷனுக்கு டிஎல்எல்இம்போர்ட் இல்லாமலும் சமாளிக்கலாம். வேரியபிளுக்கு மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் அது கட்டாயம். லினக்ஸிலோ வேரியபிளின் அளவு பயனரின் ப்ரோகிராமுக்குள்ளேயே பதிந்துவிடலாம். பிறகு அர்ரேயைப் பெரிதாக்க வழியில்லை. மதிப்பைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் ஒன்றை எழுதுங்கள். ஜிலிப்சியில் ‘எர்ர்நோ’கூட ஒரு ஃபங்ஷனை அழைக்கும் மேக்ரோதான்.

9. மெமரியை ஒதுக்கித் தரும் ஃபங்ஷனை வெளியே காட்டினால், விடுவிக்கும் ஃபங்ஷனையும் காட்டுங்கள். விண்டோஸில் டிஎல்எல்லும் ப்ரோகிராமும் வெவ்வேறு சி ரன்டைமில் ஓடலாம்.

10. ஒவ்வொரு ரிலீசுக்கு முன்னும் கண்ணால் பாருங்கள். லினக்ஸில் ‘என்எம் -டி --டிஃபைண்ட்-ஒன்லி’, மேக்கில் ‘என்எம் -ஜியு’, விண்டோஸில் ‘டம்ப்பின் /எக்ஸ்போர்ட்ஸ்’. வரும் பட்டியலை ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக ரெப்போவிலேயே வைத்து, ஒவ்வொரு பில்டிலும் ஒப்பிடுங்கள். ஒரு பெயர் கூடினாலும் குறைந்தாலும் பில்ட் நிற்க வேண்டும். டெபியன் இதற்காகவே ‘டிபிகேஜி-ஜென்சிம்பல்ஸ்’ என்ற கருவி வைத்திருக்கிறது. பேக்கேஜ் கட்டும்போது முன்பிருந்த சிம்பல் ஒன்று காணாமல் போனால் அது எச்சரிக்கும்.

11. உள் ஃபங்ஷன்களை டெஸ்ட் செய்ய முடியவில்லையே என்று அவற்றை எக்ஸ்போர்ட் செய்துவிடாதீர்கள். அதே ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒரு ஸ்டேட்டிக் லைப்ரரியாகவும் கட்டி, டெஸ்ட்டுகளை அதனுடன் இணையுங்கள். ஐந்தாம் குறிப்பில் சொன்ன அதே இயல்பு இங்கே உதவிக்கு வரும்: ஹிடன் பெயர்கள் எல்லாமே டெஸ்ட்டின் கைக்கு எட்டும்.