செயலிக்குள் ஒரு கடை: பிளகின், டெம்ப்ளேட் சந்தை அமைக்க முழுமையான வழிகாட்டி

பொரளையில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு, குறிப்பெடுக்கவும் வேலைகளைப் பட்டியலிடவும் செயலி எழுதும் நாலைந்து பேரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். தனியார் வகுப்பு ஆசிரியர் வரவுப் பதிவேடு கேட்பார். கொட்டாஞ்சேனை வியாபாரி கடன் கணக்குக் கேட்பார். எல்லாவற்றையும் நீங்களே எழுதித் தர முடியாது. பிறர் செய்து தருவதற்கு இடம் திறந்துவிட வேண்டும். சென்னையின் ஸோஹோ, டெலூஜ் என்ற தன் சொந்த நிரல்மொழியையும் சந்தையையும் திறந்துவிட்டது இப்படித்தான். கொழும்பில் வளர்ந்த கிரியேட்லி தன் வரைபட டெம்ப்ளேட்களைத் தானே வழங்குவதோடு, அட்லாசியன் சந்தையில் பிளகினாகவும் நுழைந்தது.

முதற்படி: டெம்ப்ளேட்டில் தொடங்குங்கள்

டெம்ப்ளேட் என்பது தலைப்பும் வெற்றுக் கட்டங்களும்தான். பிழை இருந்தால் ஒரு பக்கம் கெடும், அவ்வளவே. முதல் இருபதை நீங்களே செய்யுங்கள். வெறும் கடைக்குள் யாரும் நுழையமாட்டார்கள். ஒரு விதியில் மட்டும் தளராதீர்கள்: யுனிகோட் தமிழ் மட்டுமே. நம் நாட்டில் இன்னும் பலர் பாமினியில் தட்டெழுதுகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும், தேடினாலும் அகப்படாது.

இரண்டாம் படி: பிளகினுக்கு எல்லை போடுங்கள்

பிளகின் ஓடும் நிரல். பயனரின் குறிப்புகள் முழுவதையும் அது வாசிக்கலாம், வெளியே அனுப்பலாம். ஆகவே கடையின் முகப்பை வரைவதற்கு முன்பே அனுமதிப் பட்டியலை எழுதுங்கள்: எந்தக் கோப்பைப் படிக்கும், எதைத் திருத்தும், இணையத்துக்குப் போகுமா. நிறுவும்போது இவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரியில் காட்டுங்கள். ஒப்சிடியன் செயலியில் பிளகின்களுக்கு இப்படித் தனித்தனி அனுமதி கிடையாது. அதனால்தான் வெளியார் பிளகின்களை முதலில் பூட்டியே வைக்கிறது, பயனர் தானே திறக்க வேண்டும். அந்தப் பூட்டை அப்படியே பின்பற்றலாம். ஆனால் அனுமதி முறையைப் பிறகு சேர்ப்பது மிகக் கடினம். பழைய பிளகின்கள் உடைந்துபோகும். முதல் நாளிலேயே வையுங்கள்.

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டிலும் இருக்கிறது. அதை ஒருமுறை முழுதாக வாசியுங்கள்.

மூன்றாம் படி: ஒவ்வொரு பதிப்பையும் பாருங்கள்

முதல் பதிப்பைக் கவனமாகப் பார்த்துவிட்டு அடுத்தடுத்த பதிப்புகளைக் கண்ணை மூடி விடுவதில்தான் ஆபத்து. குரோமில் ‘தி கிரேட் சஸ்பென்டர்’ இருபது இலட்சம் பேர் நம்பிய நீட்சி. 2020இல் அதை எழுதியவர் வேறொருவருக்கு விற்றார். தீங்கான நிரல் இருப்பதாகக் கூறி 2021 பெப்ரவரியில் கூகிள் அதை நீக்கியது. இடையில் கைமாறியது பெரும்பாலான பயனருக்குத் தெரியவே இல்லை. எனவே உரிமையாளர் மாறினால் பயனருக்கு அறிவிப்புப் போக வேண்டும். புதிதாக அனுமதி கேட்கும் பதிப்பு, பயனர் சம்மதிக்காமல் நிறுவப்படக் கூடாது.

நான்காம் படி: கடை முகப்பு

படம், ஒரு வரி விளக்கம், கடைசியாகப் புதுப்பித்த நாள், எழுதியவர் பெயர். இவை போதும். நட்சத்திரங்களைவிடப் புதுப்பித்த நாள்தான் உண்மை பேசும்.

ஐந்தாம் படி: பணம்

பேபாலில் பணம் பெற முடியாதது இலங்கைப் படைப்பாளிகளுக்குப் பல ஆண்டுத் துன்பம். அதனால் உள்ளூர் வங்கிக் கணக்குக்கு ரூபாவில் மாத முடிவில் அனுப்பும் ஏற்பாட்டை முதலில் செய்யுங்கள். வாங்குவோருக்குப் பேஹியர் போன்ற உள்ளூர் வழியே போதும். தரகு பற்றி என் கருத்து: முதல் வருடம் எடுக்காதீர்கள். ஆப்பிளே 2021 முதல் சிறு நிறுவனங்களுக்குத் தரகை 30 வீதத்திலிருந்து 15 ஆகக் குறைத்திருக்கிறது.

திறப்பதற்கு முன்

பழுதான பிளகினை எல்லாக் கைபேசிகளிலும் ஒரே நேரத்தில் நிறுத்தும் வசதி உங்களிடம் இருக்க வேண்டும். சோதனைப் பிளகின் ஒன்றை ஏற்றி, அதை நிறுத்திப் பாருங்கள். நின்றால் கடையைத் திறக்கலாம்.