65 வயதுக்கு மேல் வைட்டமின் டி எவ்வளவு தேவை?

"ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் நாட்டில் நமக்கு எதற்கு வைட்டமின் டி?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். டெங்கிலில் உள்ள மூத்தவர்கள் பலர் பிராங் பெசார் போன்ற தோட்டங்களில் வெயிலில் உழைத்தவர்கள். ஆனால் அன்று பட்ட வெயில் இன்று உதவாது. உடல் இச்சத்தைச் சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள்தான் சேர்த்து வைக்கும். வயதான தோல் இளமையில் செய்த அளவுக்கு இதைத் தயாரிப்பதில்லை. கறுத்த தோலுக்கு வெயில் இன்னும் சற்று நேரம் தேவை. கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் சூடு வரும், வைட்டமின் டி வராது.

இச்சத்து குறைந்தால் எலும்பு பலவீனமாகும், தசை தளரும். கீழே விழுந்தால் இடுப்பெலும்பு எளிதில் முறியும்.

மலேசிய சுகாதார அமைச்சின் 2017ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, ஒரு நாளைக்குக் குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் 10 மைக்ரோகிராம், அதன்பின் 65 வயது வரை 15, அதற்கு மேல் 20. மாத்திரைப் புட்டியில் "ஐயு" என்ற வேறு அலகு இருக்கும். குழம்ப வேண்டாம்: 1 மைக்ரோகிராம் என்பது 40 ஐயு. ஆக, உங்களுக்கு 800 ஐயு, பேரப்பிள்ளைக்கு 600.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வேறு கணக்குச் சொல்லலாம். அமெரிக்காவில் 70 வயதுக்கு மேல்தான் 800. ஆஸ்திரேலியாவில் அதே வயதினருக்கு 600. பிரிட்டனில் பெரியவர் எல்லாருக்கும் 400. யாரும் தவறாகச் சொல்லவில்லை. இரத்தத்தில் இச்சத்து எந்த அளவுக்குக் கீழே போகக்கூடாது என்பதில் அமெரிக்கா 50 என்றும் பிரிட்டன் 25 என்றும் வைத்துக் கணக்கிட்டுள்ளன. நீங்கள் இங்கே வாழ்வதால் மலேசியக் கணக்கைப் பின்பற்றுங்கள்.

உணவில் மட்டும் 800 ஐயு கிடைப்பது கடினம். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் ஏறக்குறைய 40 ஐயுதான். 100 கிராம் டின் சார்டினில் 190 அளவு உண்டு. சைவம் சாப்பிடுபவர்கள் வைட்டமின் டி சேர்த்த பால்மாவு வாங்கலாம். வாங்குமுன் டின்னில் எழுதியிருப்பதைப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

காலை இளவெயில் நடைக்கு நல்லது, ஆனால் அதில் இச்சத்து மிகக் குறைவு. ஒன்பது, பத்து மணிக்குள் சந்தைக்குப் போகும்போது கைகளில் சற்று நேரம் வெயில் படட்டும். நண்பகல் வெயிலில் நிற்க வேண்டாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. தமிழ்நாட்டுக்குப் போய்வரும் உறவினர்கள் 60,000 ஐயு பொடிப் பொட்டலம் வாங்கி வருவதுண்டு. அது மருத்துவர் பெரும்பாலும் வாரம் ஒருமுறை என்று எழுதித் தரும் மருந்து. ஒரு பொட்டலத்தில் உங்களுக்கு 75 நாளைக்கான அளவு இருக்கிறது! சத்துப்பொடி என்று நினைத்துத் தினமும் பாலில் கலக்கிக் குடித்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் வரும், சிறுநீரகமும் கெடும். மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளைக்கு 4,000 ஐயுவைத் தாண்டக்கூடாது.

சிறுநீரக நோய் உள்ளவர்கள், நீர் மாத்திரை அல்லது இருதய மருந்து சாப்பிடுபவர்கள் குறைந்த அளவு மாத்திரையையும் தாமாகத் தொடங்க வேண்டாம். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், அந்தப் பொட்டலத்தையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மருந்தாளரிடம் காட்டுங்கள்.