கழுத்து ஏன் திரும்பியது?

மகளுக்கு வாந்தி. மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தார் தாய். மறுநாள் மகளின் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கண்கள் மேலே செருகின.

"பேய் பிடித்துவிட்டது. மந்திரிக்க வேண்டும்" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி.

தாய் கேட்கவில்லை. மகளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மாத்திரை அட்டையையும் எடுத்துப் போனார்.

டாக்டர் அட்டையைப் படித்தார். 'மெடோகுளோப்ரமைட்' என்று இருந்தது.

"இது பேய் இல்லை, அம்மா. மருந்தின் பக்க விளைவு. மூளையில் டோபமைன் என்ற பொருள் இருக்கிறது. உடல் அசைவு சீராக இருக்க அது உதவுகிறது. இந்த மருந்து அதைத் தடுக்கிறது. அதனால் சிலருக்குத் தசை இழுக்கும்" என்றார்.

ஊசி போட்டார். சிறிது நேரத்தில் கழுத்து நேரானது.

மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளாலும் இப்படி வரலாம். கை நடுங்கலாம். உடல் விறைக்கலாம். நீண்ட காலம் சாப்பிட்டால் வாயும் நாக்கும் தானாக அசையலாம்.

பயந்து மருந்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மனநோய் திரும்பலாம். உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் அளவைக் குறைப்பார். அல்லது மருந்தை மாற்றுவார்.

நினைவில் வையுங்கள்:
டாக்டரைக் கேட்காமல் மருந்து வாங்காதீர்கள்.
மருந்து அட்டையை எறியாதீர்கள். அதில் உள்ள பெயரைப் படியுங்கள்.